முதல் சவாரி

நேரில் எல்லாரும் அவரை முதலாளி என்பார்கள். தலை மறைந்ததும் ‘முதல் சவாரி’. பட்டப்பெயர் வைத்தவன் எவனோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான். லிஃப்ட் பழுது பார்க்கும் தொழில் அவருக்கு. பதினாலு ஆட்கள், நூற்றுப் பத்துக் கட்டடங்கள். எந்தக் கட்டடத்தில் யார் வேலை பார்த்தாலும், முடிந்ததும் அவருக்குப் போன் போக வேண்டும். அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, தனியாக உள்ளே ஏறி, நட்டநடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் உச்சி மாடிக்குப் போய்த் திரும்புவார். பிறகு கதவில் தொங்கும் ‘பழுது வேலை நடக்கிறது’ என்ற தகரப் பலகையைத் தன் கையாலேயே கழற்றுவார். அதுவரைக்கும் லிஃப்ட் ஜம்மென்று இருந்தாலும் பூட்டித்தான் கிடக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். “நான் குழாயை மூடிட்டு வந்தா, பின்னாலயே போய் இன்னொரு திருகு திருகிட்டு வருவார். இருபத்தேழு வருஷமா எனக்குக் குழாய் மூடத் தெரியல பாருங்க” என்று அவர் மனைவி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு மறுநாளும் திருகுவார்.

சும்மா வந்த வியாதி இல்லை அது. இருபத்தாறு வயதில் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தபோது, கூட இருந்தவன் “பார்த்துட்டேன், ஏறு” என்றான். இவரும் நம்பி ஏறினார். லிஃப்ட் பெட்டி ஒன்றரை மாடி சறுக்கி நின்றது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கு எடுத்த முடிவுதான், இனி எவன் ‘பார்த்துட்டேன்’ என்றாலும் நம்புவதில்லை என்று. ஒரு விதத்தில் நியாயம்தான். ஆனால் ஆரம்பத்தில் நாலு கட்டடத்துக்கு ஒத்துவந்த நியாயம் நூற்றுப் பத்துக்கு ஒத்துவருமா? மனுஷனுக்குக் கால் இரண்டுதானே.

ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது இது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் கதவு சரியாக மூடாமல் லிஃப்ட் நின்றுவிட்டது. போனவர் அவருடைய மச்சினர், மனைவியின் தம்பி, பதினெட்டு வருஷமாகக் கூடவே இருக்கிறவர். பத்தரைக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டார். முதலாளி அப்போது ஊரின் மறு கோடியில் இன்னொரு லிஃப்டின் முதல் சவாரிக்காக நின்றுகொண்டிருந்தார். அதற்கப்புறம் இன்னும் இரண்டு வரிசையில் காத்திருந்தன.

“அத்தான், சரியாயிடுச்சு. நானே நாலு தடவ ஓட்டிப் பார்த்துட்டேன். நாலாவது மாடித் தையலம்மாவுக்கு இன்னைக்கு டயாலிசிஸ் நாள். திறந்து விட்டுடவா?”

“நான் வரேன்னு சொல்லிட்டேன்ல மாப்ளே? பலகை மேல கை வைக்காதே.”

மச்சினர் மொட்டை மாடி மெஷின் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். தையலம்மா அரை மணி நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நேரம் தப்பினால் அன்றைக்கு இடம் கிடைக்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

முதலாளி வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. லிஃப்டில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஏதாவது பழம் வாங்கிப் போகலாமென்று கடைவரை போய், எந்த முகத்தோடு கொடுப்பது என்று வெறுங்கையோடே உள்ளே போனார். தையலம்மா திட்டியிருந்தால் தேவலை. அவளோ நிதானமாகக் கேட்டாள்.

“லிஃப்ட் எத்தனை மணிக்கு சார் சரியாச்சு?”

“பத்தரைக்கும்மா.”

“நான் இறங்கினது பதினொண்ணேகாலுக்கு.” விரல் விட்டு எண்ணினாள். “அப்புறம் எதுக்கு சார் பூட்டியிருந்தது?”

“நான் வரணும்னு.”

வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான பதில் என்று அவருக்கே உறைத்தது. ஆயுசில் அப்படி வெட்கப்பட்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்.

அந்த வாரமே ஆட்களைக் கூட்டி, “இனி பார்த்த ஆளே பலகையை எடுக்கலாம்” என்றார். அறிவிப்பெல்லாம் கம்பீரமாகத்தான் இருந்தது. கம்பீரம் ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் மச்சினர் ஒரு கட்டடத்துக்குப் போனபோது வாட்ச்மேன் கேட்டான்: “என்னண்ணே, நீங்க சரிபண்ணிட்டுப் போற லிஃப்டையெல்லாம் உங்க முதலாளி திருட்டுத்தனமா வந்து ஓட்டிப் பார்த்துட்டுப் போறாரே?”

மச்சினர் நேராக அத்தான் வீட்டுக்கு வந்தார். கருவிப் பையைக் கூடத்தில் வைத்தார்.

“உங்களுக்கு என் கை வேணும், என் கண்ணு வேண்டாம். வெறும் கைக்கு வேற ஆளப் பாருங்க அத்தான்.”

அக்காள் சமையலறை வாசலில் நின்றாள். தம்பிக்கும் பரிந்து பேசவில்லை, புருஷனுக்கும் பரிந்து பேசவில்லை. “உட்காருடா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முதலாளிக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. இந்த ஆள் போய்விட்டால் தொழில் ஒரு மாதம் தாங்காது என்பது தெரியும். அதைவிட, சொன்னது பொய்யில்லை என்பதும் தெரியும்.

“மாப்ளே, நான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கும்போது எதைக் காது கொடுத்துக் கேக்கறேன்னு உனக்குத் தெரியுமா?”

“நீங்க எங்க சொன்னீங்க?”

அதுதான் விஷயம். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் “அதெல்லாம் அனுபவம்” என்று தட்டிக்கழித்ததுதான். அன்றைக்கு ஒரு நோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தார்கள். கயிறு கப்பியில் ஏறும்போது வரும் சத்தம், நிற்கிற இடத்தில் கால் பாதத்தில் தட்டும் தட்டு, கதவு மூடுவதற்கும் பெட்டி நகர்வதற்கும் நடுவில் உள்ள இடைவெளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மச்சினர் எழுதினார். நாலு நாளாயிற்று. பதினோரு விஷயங்கள் தேறின. இதை இத்தனை நாளாகக் காதுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு, எவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று புலம்பியிருக்கிறார் பாருங்கள்!

நோட்டை மூடிவிட்டு மச்சினர் கேட்டார்: “நாளைக்கு நான் திறந்து விட்டதுல தப்பு வந்தா யார் பதில் சொல்றது?”

“நான்தான்.”

“திறக்கக் கூடாதுன்னு நான் சொன்னா?”

“கூடாதுதான். நான் வந்து ஓட்டிப் பார்க்க மாட்டேன்.”

சொல்வது சுலபம். நாலு மாதம் கழித்து அதே ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றது. அதே போல ஒரு செவ்வாய்க்கிழமை, தையலம்மாவின் டயாலிசிஸ் நாள். மச்சினர் மெஷின் அறையைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

“ஓடுது அத்தான். உங்க நோட்டுல இருக்கற பதினொண்ணும் சரியா இருக்கு. ஆனா பிரேக்ல லேசா ஒரு கருகல் வாசனை. பிரிச்சுப் பார்க்காம திறக்க மாட்டேன். சாமான் வர ரெண்டு நாளாகும்.”

வாசனையா? முதலாளி சொன்ன பதினொன்றில் அது இல்லையே. தையலம்மா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தே மூன்று வாரம்தான் ஆகிறது. பத்து நிமிஷத்தில் போய் ஒரு சவாரி போனால் முடிந்தது, ஒன்றுமில்லை என்று திறந்துவிடலாம். ஸ்கூட்டரை எடுத்தார். வழிநெடுக அந்த எண்ணம்தான்.

போய்ச் சேர்ந்தவர் லிஃப்ட் பக்கம் திரும்பவில்லை. படியேறி நாலாவது மாடிக்குப் போனார். தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டார். “உட்காருங்கம்மா.” மச்சினர் மேலிருந்து இறங்கி வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இடது கையில் மூன்று விரல்தான். நாற்காலிக் கால் உள்ளங்கையை அறுத்தது. அவர் விடவில்லை.

மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கி வைத்தார்கள். தையலம்மா படியைப் பார்த்தாள்.

“இங்கதான் விழுந்தேன்.”

முதலாளி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“லிஃப்ட் நிஜமாவே ஓடாதா சார்?”

“தெரியாதும்மா. நான் பார்க்கல.”

“நீங்க பார்க்கலியா?” அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. “நீங்க வந்து பார்த்தாத்தானே திறப்பாங்க?”

“இவர் பார்த்துட்டார்.”

தையலம்மா மச்சினரின் முகத்தைப் பார்த்தாள். கரி படிந்த அவர் கையைப் பார்த்தாள். ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ சரி. தூக்குங்க” என்றாள்.