ஆச்சு மாப்பிள்ளை

என் தங்கை வீட்டுக்காரனுக்கு எங்கள் குடும்பத்தில் ஆச்சு மாப்பிள்ளை என்று பெயர். குழாயை மூடினாயா என்றால் ஆச்சு. மகளின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயா என்றால் ஆச்சு. நாலு நாள் கழித்து அந்தப் படிவம் அவன் சட்டைப் பையிலிருந்து சட்டையோடு சேர்ந்து துவைபட்டு, கூழாக வெளியே வரும். பதினொரு வருடமாக அவனை வாய் கூசாமல் பொய் சொல்கிறவன் என்றே நினைத்திருந்தேன். போதாததற்கு, அவன் நானே பார்த்து முடித்துவைத்த மாப்பிள்ளை. தங்கை அவனைத் திட்டும்போதெல்லாம் எனக்கும் சேர்த்தே விழும்.

நாங்கள் இருவரும் லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை, அங்கே அவன். தரைத்தளத்துக்கும் கீழே, லிஃப்ட் ஓடுபாதையின் அடியில், ஆள் உயரத்துக்கு ஒரு குழி, அங்கே நான். நான் இறங்குவதற்கு முன் அவன் மேலே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். என் உயிர் அவன் கையில் என்று நான் சொன்னால் அது அலங்காரப் பேச்சு இல்லை.

அவன் வேலை தெரியாதவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆறு பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டும்போது அவனைப் பார்க்க வேண்டும். கை நடுங்காது, பேச்சு தடுமாறாது, பத்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே நிற்பார்கள். ஆனால் சும்மா ஒரு திருகை இறுக்கிவிட்டு வா என்றால் மூன்று திருகை இறுக்கிவிட்டு நாலாவதை வாயில் கடித்துக்கொண்டே வேறு வேலைக்குப் போயிருப்பான். இது என்ன ஜென்மம் என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அன்று ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். அடுத்தடுத்து இரண்டு லிஃப்ட். முதலாவதின் குழிக்குள் இருக்கும் சிவப்பு நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை, அதை மாற்ற வேண்டும். கூண்டை நாலாம் மாடியில் நிறுத்திவிட்டு அவனுக்கு போன் செய்தேன்.

"மாப்ள, ஆச்சா?"

"ஆச்சு மச்சான்."

இறங்கினேன். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. அது தானாக மூடிக்கொள்ளும் கதவு, முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அது என் தப்பு, இப்போதே சொல்லிவிடுகிறேன். மெயின்தான் அணைந்திருக்கிறதே என்ற தைரியம். பொத்தானின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே கயிறுகள் அசையும் சத்தம் கேட்டது. யாரோ தரைத்தளத்தில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கூண்டு இறங்கி வந்துகொண்டிருந்தது.

குழியின் மூலையில் எண்ணெய்த் தண்ணீரில் குப்புற விழுந்து படுத்தேன். வெளிச்சம் முழுக்க மறைந்தது. முதுகுக்கு மேலே ஒரு முழத்தில் கூண்டு நின்றது. மேலே யாரோ ஒருவர் செருப்புச் சத்தத்தோடு ஏறிப் போனார். கூண்டு மேலே கிளம்பியதும் ஏணியைப் பிடித்து வெளியே வந்தேன்.

மேலே நடந்தது இவ்வளவுதான். சுவிட்ச் மேல் கையை வைத்திருக்கிறான். மோட்டாருக்கு அடியில் எண்ணெய் சொட்டுவது கண்ணில் பட்டிருக்கிறது. குனிந்து துடைத்திருக்கிறான். போன் அடித்திருக்கிறது. ஆச்சா என்று நான் கேட்டேன், ஆச்சு என்று அவன் வாய் சொல்லிவிட்டது. இதையெல்லாம் பிறகு என்னிடம் சொல்லும்போது அவன் முகம் சாம்பலாக இருந்தது. ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் தடுக்கவில்லை.

எங்கள் கம்பெனியின் பெண் மேற்பார்வையாளர் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி, என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். "இவரோட சேர்ந்து மறுபடியும் குழியில இறங்குவீங்களா, மாட்டீங்களா? உங்க கையெழுத்துதான். மாட்டேன்னா இவர் வேலை போச்சு. பதினெட்டு நாள் தரேன்."

தங்கை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் என்னை வாட்டியது. அவன் வேலை போனால் அந்த வீடு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அவனோடு இறங்கினால் என் வீடு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும்.

அந்த வாரம் அவர்கள் மகளுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார்கள். எட்டு வயது; வகுப்பில் உட்காரவே மாட்டேன் என்கிறாள் என்று புகார். அவனைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். டாக்டர் பெண்மணி கேள்விகளைப் படித்தார். ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிறாளா? கையில் இருந்த பொருளை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நிற்கிறாளா? பேசுகிறவர் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறாளா? ஒவ்வொன்றுக்கும் "ஆமா டாக்டர்" என்றான். ஏழாவது கேள்வியை அவர் முடிப்பதற்குள் குறுக்கிட்டான்.

"டாக்டர், நீங்க என் பொண்ணப் பத்திக் கேக்கறீங்களா, என்னப் பத்தியா?"

பிறகு அவனுக்கும் தனியாக இரண்டு நாள் சோதனைகள் நடந்தன. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒன்றுதான், ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு என்றார் டாக்டர். எனக்குச் சுர்ரென்றது.

"நான் குழியில சாகப் பாத்தேன் டாக்டர். இப்ப இதுக்கு ஒரு பேர் வெச்சுட்டா சரியாயிடுமா?"

"சரியாகாது. பேர் தெரிஞ்சா எங்க பிடிக்கணும்னு தெரியும்" என்றார் அவர். "இவருக்கு வேலை தெரியும், அக்கறையும் இருக்கு. செய்யணும்னு நெனச்சது மனசுல நிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து அதைத் தள்ளிவிட்டுடுது. மாத்திரை ஓரளவு உதவும். ஞாபகத்த நம்பாம, கண்ணுக்குத் தெரியற, கையில பிடிக்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. சின்ன வயசுல நெறைய திட்டு வாங்கினீங்களா?"

அவன் சிரித்தான். "ஆச்சுன்னு சொன்னா அடி தள்ளிப் போகும் டாக்டர். அப்புறம் ஓடிப் போய்ச் செஞ்சுடலாம்னு பாப்பேன். அதுக்குள்ள மறந்துடும்."

பதினொரு வருடமாக நான் பொய் என்று நினைத்தது இதைத்தான்.

தங்கை அன்றிலிருந்து மகளிடம் "ஆச்சா?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். "காட்டு" என்பாள். பல் தேய்த்தாயா என்று கேட்பதில்லை. ஈரப் பிரஷ்ஷைக் காட்டு. நான் கடைக்குப் போய், பூட்டினால் மட்டும் சாவி கழன்று வரும் பூட்டாக ஒன்று வாங்கினேன். இனி போனில் பேச்சே கிடையாது. அவன் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைக்க வேண்டும். சாவி வராமல் நான் குழியில் கால் வைக்க மாட்டேன்.

பதினெட்டாம் நாள் காலை அதே கட்டடம், அதே குழி. மேற்பார்வையாளரிடம் கேட்டு, அன்று ஒரு நாள் மட்டும் அவனை அழைத்து வந்திருந்தேன். இத்தனை நாள் நிறுத்தி வைத்திருந்த லிஃப்டை உயிர்ப்பித்து, நாலாம் மாடிக்கு ஏற்றி நிறுத்தினேன். இந்தத் தடவை கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். தாள் என் பையில் இருந்தது. அவன் பூட்டோடு மேலே போனான். இரண்டாவது லிஃப்டும் முந்தின நாள் பழுதாகி நின்றுவிட்டது, அதனால் ஏறுவதும் இறங்குவதும் படியில்தான்.

பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. அன்றைய எண்ணெய்த் தண்ணீர் இன்னும் குழிக்குள் மினுங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்தேன், ஆச்சா என்று கேட்கத் துடித்த வாயை மூடிக்கொண்டு, போனை மறுபடி பைக்குள் போட்டேன்.

படியிறங்கி வந்தான். சாவியை நீட்டினான். அப்பாடா என்று வாங்கிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்தேன்.

"இறங்காதீங்க மச்சான். ஆகல."

"சாவிதான் கையில இருக்கே?"

"பூட்டினேன். எந்த லிஃப்டுக்குப் பூட்டினேன்னு தெரியல. மேல ரெண்டு மெயினும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது." அவன் படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ரெண்டாவது மாடி வந்தப்பதான் தோணுச்சு. திரும்பிப் போய்ப் பாத்திருக்கலாம். போற வழியில வேற எதுலயாவது மாட்டிக்கிட்டா, நீங்க இறங்கிடுவீங்களோன்னு பயமா இருந்துது. அதான் நேரா வந்துட்டேன்."

என் கால் ஏணியிலேயே இருந்தது. இந்த ஆளின் வாயிலிருந்து ஆகல என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. வேலை போகிற நாளில், கையில் சாவியை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொல்கிறான்.

இருவரும் ஒன்பது மாடி ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. மோட்டார் அறைக் கதவைத் தள்ளினேன்.

பூட்டு சரியான மெயினில்தான் தொங்கியது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "வீணா உங்கள ஏத்திட்டேன் மச்சான்" என்றான். போடா பைத்தியக்காரா என்றேன். மார்க்கர் பேனாவை எடுத்து ஒரு மெயினில் பெரிதாக 1 என்றும், மற்றதில் 2 என்றும் எழுதினேன். பூட்டின் வயிற்றிலும் 1 எழுதினேன். பதினொரு வருடத்தில் இதை யோசிக்காத என் தலையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிறகு தாளைச் சுவரில் வைத்து, இறங்குவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியவில்லை.

"மச்சான்" என்றான் மெதுவாக. "கையெழுத்து ஆச்சா?"

திரும்பி, தாளைக் காட்டினேன்.