பனி ஊரில் ஒரு குளியல்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண், பனி கொட்டும் ஐரோப்பிய தேசம் ஒன்றில் ஏழு வருடம் இருந்து அந்த ஊர் பாஷையைக் கற்று வந்தவள். அங்கே ஒருவர் எழுதிய நாவலைத் தமிழில் எழுதினாள். மத்தியானம் கீழே வந்து எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்காகத்தான் என்னைப் பிடித்தாளாம். "உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்மா." புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

கதையில் ஒரு கிழவி. புருஷனைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய் சூப் காய்ச்சிக் குடிக்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"குளிக்கல?"

"அங்க அப்படி வழக்கம் இல்லம்மா."

"சாவுக்குப் போய்ட்டு வந்து தலைக்கு ஊத்திக்காம அடுப்பைத் தொடுவாளா? போ, எனக்கு மேல கேக்கப் பிடிக்கல."

சிரித்துக்கொண்டே, 'குளித்துவிட்டு வந்தாள்' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். என் வாயை அடைக்கத்தான். பிறகு அழிக்க மறந்துபோனாள். அது அப்படியே அச்சாகிவிட்டது எங்கள் இருவருக்குமே தெரியாது.

போன தை மாதம் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஐரோப்பிய இலக்கியத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் விழா எடுத்தார்கள். நாவல் எழுதியவரே வந்திருந்தார். அவர் பேச்சை எங்களுக்கும் எங்கள் கேள்வியை அவருக்கும் மாற்றிச் சொல்ல மாடிப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய அடுத்த நாவலையும் தமிழில் எழுதப்போவது அவள்தானா என்று அன்றைக்குச் சொல்வதாக இருந்தார். முதல் நாளே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் கடைசி வரிசையில், தூண் மறைவில் உட்கார்ந்தேன்.

ஒரு வாத்தியார் எழுந்தார்.

"ஐயா, உங்க ஊர்லயும் துக்கத்துக்குப் போய்ட்டு வந்தா குளிப்பாங்களா? புத்தகத்துல அந்தம்மா குளிக்கிறாங்களே!"

அவள் அதை மாற்றிச் சொன்னதும் எழுத்தாளரின் புருவம் ஏறியது. ஏதோ சொன்னார்.

"அப்படி... எழுதவேயில்லன்னு சொல்றாரு" என்றவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

ரேஷன் கடையில் எனக்கு முன்னால் புகுந்தவரைக்கூட நான் ஏன் என்று கேட்டதில்லை. எப்படி எழுந்தேனோ, எழுந்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லீங்க. நான்தான் குளிக்க வெச்சேன்."

மண்டபம் மொத்தமும் திரும்பியது. அவள் அவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"அந்தக் குளிர்ல எந்தத் தண்ணியில குளிக்க வெச்சீங்கன்னு கேக்கறாரு."

"வெந்நீர்லதான். பச்சைத் தண்ணின்னா ஜன்னி வந்துடாது?"

தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார் மனுஷர். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அழிக்காமல் விட்டது என் தப்பு, அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன் என்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். அவர் தலையாட்டினார், கொஞ்சம் யோசித்து மறுபடி பேசினார். அவள் எழுந்து நின்று அதை எங்களுக்குச் சொன்னாள்.

"கண்டிப்பா எடுக்கணுமாம். அடுத்த நாவலும் நான்தான் செய்யணுமாம். அதையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணுமாம்."

என் பிரதியில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஆவி பறக்கும் ஒரு பக்கெட்டும் வரைந்து கொடுத்தார்.

ஆட்டோவில் வரும்போது அவள் சொன்னாள்: "அடுத்த கதையிலயும் ஒரு சாவு வருதும்மா. அதை மட்டும் உங்களுக்குப் படிக்கமாட்டேன்."

"அதை என்னைக்கு எழுதறேன்னு முன்னாடியே சொல்லிடு. வீட்டுல இருந்தா கேக்காம இருக்க மாட்டேன். நான் கோயிலுக்குப் போய்டறேன்" என்றேன்.