குளத்தடியில் ஒரு கணக்கு

முக்குளிப்பான் என்ற பெயரை நான் முதலில் போனில்தான் கேட்டேன். "அக்கா, நம்ம முக்குளிப்பான் ஜெயிச்சுட்டா" என்றான் என் தம்பி. தண்ணீரில் முங்கி எழும் அந்தப் பறவையை வளர்த்துப் பந்தயத்துக்கு விடுகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். அது அவன் மகளுக்கு நீச்சல் குளத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீருக்குள் போனால் எந்தப் பக்கம் எழுவாள் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

எங்கள் அம்மாவுக்குக் கடைக்குட்டி இந்தத் தம்பி. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஐந்து பேர். எங்களில் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா வழியில் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் ஒருவன் போனான். போன வேகத்திலேயே திரும்பியும் வந்தான். தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஊரார் பிள்ளைகளின் பட்டத்துக்கெல்லாம் லேமினேஷன் போட்டுக் கொடுத்த கை அது. தன் வீட்டுக்கு என்று ஒன்று போட வேண்டும் என்பது அவன் ஆசை.

அவன் மகள் பள்ளியின் கடைசி வருஷத்துக்கு வந்தபோது, முழங்கால் வைத்தியத்துக்காக நான் தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வீட்டில் என்னைவிடப் பெரிய விருந்தாளியாகப் பயம் உட்கார்ந்திருந்தது. கல்லூரியில் விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கிய சீட்டு கிடைக்கப் பெரிய போட்டியில் மெடல் வேண்டும். மெடல் இருந்தாலும் நுழைவுத் தேர்வில் மார்க் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் சீட்டு இல்லை. விடியும் முன்னே நீச்சல், பிறகு பள்ளி, சாயங்காலம் டியூஷன், திரும்ப நீச்சல். ஈரத் தலையோடு புத்தகத்தின் முன்னால் உட்காருவாள். பக்கமெல்லாம் சொட்டுச் சொட்டாக ஊறிப் போயிருக்கும். சாப்பிடும்போது கரண்டி தட்டில் தடதடவென்று அடிக்கும். கேட்டால், "ஒண்ணுமில்ல அத்தை" என்று கையை மடியில் ஒளித்துக்கொள்வாள்.

தம்பி மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போகுது. நீச்சலை விட்டுட்டுப் படிக்கட்டுங்க" என்பாள்.

"புருஷன் நான் இங்கதான இருக்கேன். அரசன் யாரு, அதைச் சொல்லு முதல்ல" என்பான் இவன்.

மகள் சிரிக்க மாட்டாள்.

தேர்வும் போட்டியும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. அப்போதுதான் தம்பிக்கு அந்த யோசனை வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரனுக்குத்தான் அது வரும். கணக்குக் கேள்விகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேஷன் போட்டு, நாலு மூலையிலும் எடைக்கு இரும்பு நட்டுகளைக் கட்டிக் குளத்தின் ஆழமான பக்கத்தில் இறக்கினான். அவள் மூழ்கிப் படிக்க வேண்டும், அடியிலேயே மனக்கணக்காகப் போட வேண்டும், மேலே வந்து விடை சொல்ல வேண்டும். "மூச்சும் நிக்கும், படிப்பும் நிக்கும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றான். மற்றப் பிள்ளைகள் போனபின், நீச்சல் மாஸ்டர் பம்பு அறைக்குள் இருக்கும் நேரமாகப் பார்த்து இது நடந்தது.

ஒரு நாள் நானும் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறை எழும்போதும் அவள் உதடு முன்னைவிடக் கறுத்திருந்தது.

"தம்பி, புள்ளை உதட்டைப் பாருடா."

"தண்ணி குளிருதுக்கா."

திரும்பவும் மூழ்கினாள். தண்ணீர் மூடிக்கொண்டது. அடியில் அந்த வெள்ளைத் தாள் நெளிந்தது. அதன் மேல் அவள் நிழல் போலக் கிடந்தாள். தம்பி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு விடைக்காகக் காத்திருந்தான். நான் பெஞ்சை விட்டு எழுந்தேன்.

"என்னடா, இன்னும் காணோம்?"

"இது பெரிய கணக்கு. யோசிக்கிறா. பேசிக் கெடுக்காதக்கா." அவன் முகத்தில் பெருமை வேறு.

"மாஸ்டரைக் கூப்பிடுடா."

"கூப்பிட்டா எல்லாம் கெட்டுதுக்கா. சும்மா இரு."

தண்ணீர் என்றாலே தம்பி மனைவிக்கு ஆகாது. மகளை அழைத்துப் போக வந்தால் வெளியே சைக்கிள்களோடு நிற்பாள். அன்று என் குரல் கேட்டு உள்ளே வந்தவள் குனிந்து பார்த்தாள். அடியில் மகளின் விரல்கள் தாளைப் பிடிக்காமல் விரிந்து மிதந்தன.

"அது யோசிக்கிற கை இல்ல" என்றாள். உடுத்திய துணியோடு குதித்துவிட்டாள். நீச்சலில் ஒரு கை போடத் தெரியாதவள்.

நான் போட்ட கூச்சலில் மாஸ்டர் ஓடி வந்தார். மகளை முதலில் இழுத்துப் போட்டார், பிறகு தாயை. தாய் இருமிக்கொண்டே தவழ்ந்து வந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் மகளின் நெஞ்சை அமுக்கினார், வாயில் ஊதினார், திரும்ப அமுக்கினார். கடைசியில் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கண்ணைத் திறந்தவள், அப்பாவைத் தேடினாள்.

"அப்பா, விடை மறந்துடுச்சுப்பா. திட்டாதீங்க."

தம்பி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். பேனா மூடி அவன் வாயிலேயே இருந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

டாக்டர் அவளைப் பல மாதம் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்றார். போட்டி போனது, மெடல் போனது, அந்தச் சீட்டும் போனது. தேர்வை எழுதினாள். எழுதிவிட்டு வந்து நாள் முழுக்கத் தூங்கினாள். எழுப்பக்கூடாது என்று தாய் கதவில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கவும் முடியவில்லை; மூச்சு வருகிறதா என்று அடிக்கடி உள்ளே போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

முக்குளிப்பான் பிறகு வேறு படிப்புப் படித்தாள். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளராக, மயங்கிக் கிடப்பவர்களின் மூச்சைக் கவனித்துக்கொண்டு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீந்தப் போகிறாள்; அவள் அம்மா கூடவே போய்க் கரையில் நிற்கிறாள்.