தும்மலில் போன நத்தை

மாலை ஐந்தானதும் கடுகம்மா மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தரையைப் பெருக்க ஆரம்பித்துவிடுவார். அந்தத் தூசி குப்பைக்கூடைக்குப் போகாது. வெள்ளைத் தாளில் கொட்டி, சலித்து, பூதக்கண்ணாடியில் துகள் துகளாகப் பார்த்த பிறகுதான் கைப்பையை எடுப்பார். ஆறு வருடமாக இதே கதை.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், பாறைக் களிமண்ணைக் கழுவி, என்றோ அழிந்துபோன கடல் நத்தைகளின் ஓடுகளைப் பொறுக்குவது அவர் வேலை. ஒவ்வொன்றும் கடுகளவு, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஈரத் தூரிகையின் நுனியால் ஒற்றி எடுப்பார். வேர்த்துக் கொட்டினாலும் மின்விசிறியைத் தொட மாட்டார். யாராவது கதவைத் திறந்தால், "மெதுவா வாங்க, காத்தையும் கூட்டிட்டு வராதீங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு, ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் தும்மல் வந்தது. தூரிகை நுனியில் அப்போது இருந்தது ஓர் இனத்தின் ஒரே முழு ஓடு. மற்றதெல்லாம் உடைசல். பல லட்சம் வருடம் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்தது கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போயிற்று. மிஞ்சியது ஒரு புகைப்படமும் காலிக் குப்பியும். மேலதிகாரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"அது ஏற்கெனவே ஒரு தடவை அழிஞ்சது அக்கா. ரெண்டாவது தடவை அழிச்சது நான்" என்று வீட்டில் கூடவே இருக்கும் அக்காவிடம் ஒருமுறை சொன்னார். ஒரு கடுகுக்காக யாராவது இப்படி உருகுவார்களா என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

போன வாரம், கீழ்த்தளத்துப் பலகைத் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. கடுகம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஓடு எங்காவது இருந்தால் பலகை இடுக்கில்தான் இருக்க வேண்டும். இன்று காலை வேலையாட்கள் பெயர்க்கப் பெயர்க்கப் பக்கத்திலேயே நின்று, தன் நாற்காலிக்குக் கீழிருந்த மண்ணையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளினார்.

"குப்பைம்மா அது. லாரி நிக்குது" என்றார் கொத்தனார்.

"குப்பைதான். எனக்குக் குடுங்க."

மூச்சிரைக்க வீட்டுக்குச் சுமந்து வந்து, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, முதல் பிடியைக் கொட்டினார். அக்கா எதிரே வந்து உட்கார்ந்து சாக்கையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனையிலயா? கிடைக்குமாடி?"

கடுகம்மா கைக்குட்டையை மடித்துத் தன் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டார். பிறகு இன்னொரு கைக்குட்டையை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.