உரியவர் இல்லாத பை

பயங்கரவாதம் காலத்துக்குக் காலம் எப்படி வழி மாறி வருகிறது, அரசாங்கங்கள் அதை எப்படித் தடுக்கின்றன. என் ஆராய்ச்சித் தலைப்பு இதுதான். கல்யாண வயதில் ஒரு பெண்ணுக்கு இதைவிட உருப்படாத தலைப்பு கிடைக்காது என்று அத்தை முகத்துக்கு நேரேயே சொன்னாள். அவள் சொன்னதுகூடப் பரவாயில்லை. ஓர் அத்தியாயத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தால், பேப்பரில் எங்கோ ஒரு ஊரில் புது மாதிரி வெடித்திருக்கும். விமானத்தைக் காவல் காத்தால் ரயிலுக்கு வருவார்கள். ரயிலைக் காத்தால் சந்தைக்கு. எழுதியதெல்லாம் ஒரே வாரத்தில் பழசாகிவிடும். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு, திருவனந்தபுரம் வெயிலில் சும்மா நடப்பேன்.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்குப் பார்த்தவர். "நீ எழுதி முடிக்கதுக்குள்ள அவனுவ அடுத்த வித்தைக்குப் போயிருவானுவ. பேசாம அவனுவகிட்டயே கேட்டு எழுது மக்ளே" என்று சீண்டுவார். எரிச்சலாக வரும். சிரித்தும் விடுவேன்.

நான்காவது அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. எல்லாரும் அழுதார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. கால் ஓரிடத்தில் நிற்காமல் வீட்டுக்குள் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தேன்.

அஸ்தியைக் கன்னியாகுமரியில் கரைக்க அண்ணனோடு நானும் புறப்பட்டேன். பெண்பிள்ளை எதற்கு என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். வருவேன் என்றால் வருவேன், அவ்வளவுதான். துணியால் வாய்கட்டிய கலயத்தை ஒரு கறுப்பு ரெக்சின் பையில் வைத்து அண்ணன் எடுத்துக்கொண்டான். அம்மா கேட்டைப் பிடித்தபடி நின்றாள். "மக்ளே, அப்பாவத் தரையில மட்டும் வச்சிராதீங்க" என்றாள்.

தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனில் நல்ல கூட்டம். பெண்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தால், அண்ணன் டீக்கடையில் நிற்கிறான். வெறுங்கை.

"அப்பா எங்கே?"

"சீட்டுல." கம்பியில்லாத அவசர ஜன்னல் வழியாகப் பையை உள்ளே வைத்து இடம் பிடித்திருக்கிறான். எங்கள் பக்கத்து ஆட்கள் பஸ்ஸோ ரயிலோ, வண்டி நிற்பதற்குள் துண்டையோ பையையோ உள்ளே போட்டால்தான் நிம்மதி அடைவார்கள். "கூட்டத்துல இடிக்கான். கீழயும் வைக்கப்பிடாது. அதான், அப்பாவே நமக்கு சீட் பிடிச்சு வைக்கட்டும்னு."

"அட முட்டாளே! இந்தக் காலத்துல தனியா ஒரு பையை..." நான் முடிப்பதற்குள் விசில் சத்தம். அந்தப் பெட்டியிலிருந்து ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். போலீஸ் கயிறு கட்டியது. உரியவர் இல்லாத பை ஒன்று கிடப்பதாக ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் சொன்னது.

அடுத்து என்ன நடக்கும் என்று அந்தப் பிளாட்பாரத்தில் என் அளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். முதலில் நாய் வரும். சந்தேகம் தீரவில்லையென்றால் வெடிகுண்டு ஆட்கள் வருவார்கள். பையைத் திறக்கமாட்டார்கள். தூரத்தில் நின்று, தண்ணீரைப் பீய்ச்சியடித்து அப்படியே சிதறடிப்பார்கள். என்னுடையது என்று யாராவது ஓடிவந்தாலும் உடனே நம்பக்கூடாது என்று நானே எழுதியிருக்கிறேன். இப்போதும் அது சரிதான் என்பேன். ஆனால் உள்ளே இருப்பது அப்பா. ஐயோ, அவரை இந்தத் தண்டவாளத்தில் சிதறவிட்டு அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

கயிற்றுக்குள் நுழைந்து ஓடினேன். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து நிறுத்தினார்கள். பின்னாலேயே ஓடிவந்த அண்ணனுக்கு மொட்டைத் தலை, வேர்த்து வழியும் முகம், திக்கும் வாய். பார்த்தவர்கள் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? இன்ஸ்பெக்டர் நிதானமானவர். பையில் என்ன இருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து பேசிவந்த மலையாளம் அத்தனையும் எங்கேயோ போய்விட்டது.

"எங்கப்பா சார்" என்றேன் தமிழில்.

அவருக்குப் புரிந்தது. புரிந்தும் விடவில்லை. நாயைக் கொண்டுவரச் சொன்னார். அது மோந்து பார்த்துவிட்டுச் சும்மா இறங்கி வந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனைப் பெட்டிக்குள் விட்டார். அவன் பையோடு இறங்கியதும், கலயத்தைப் பிளாட்பாரத்தில் வைத்துத் திறக்கச் சொன்னார்.

"கீழ வைக்கமாட்டேன் சார்" என்றான் அண்ணன். போலீஸைக் கண்டால் தெரு மாறிப் போகிறவன் அவன்.

"வைக்கமாட்டோம்!" என்று நானும் கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். அண்ணன் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, நான் முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சு லேசில் வரவில்லை. அவர் குனிந்து, சாம்பலையும் வெள்ளை எலும்புத் துண்டுகளையும் பார்த்தார். கையை உள்ளே விடவில்லை. "கெட்டிக்கோளூ" என்றார், கட்டிக்கொள்ளும்படி. குரல் இறங்கியிருந்தது.

வண்டி தாமதமாகப் புறப்பட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தீட்டுக்குப் பயந்தவர்கள் பாதி, குண்டுக்குப் பயந்தவர்கள் பாதி. அண்ணன் சீட்டில் வைக்கப்போன பையை நான் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வயதுக்கு வந்த நாளிலிருந்து அப்பாவை நான் தொட்டதில்லை. அவரும் என் தலையில்கூடக் கை வைத்ததில்லை. எங்கள் வீடுகளில் அது அப்படித்தான். எல்லைப் பக்கம் பாறசாலை ஸ்டேஷன் தாண்டியதும் பையை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

கன்னியாகுமரிக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அண்ணன் கையை நீட்டினான். கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.