ஹெட்போன் ஓட்டை இல்லாத லேப்டாப்

அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓடும் வீட்டுக்காரர்களுக்கு ரகசியம் பேச வராது. தறிச் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகிவிடும். கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கக் கத்துவார்கள். கோதண்டபாணி அதில் முதல் ஆள்.

அவர் மகள் வரலட்சுமி சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்து வந்தாள். வாயருகே மைக் நீண்டிருக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் தறி ஓடுவதே அவளுக்குத் தெரியாது. அந்த ஆடிக் கிருத்திகையன்று அவளுக்கு நிரந்தர வேலைக்கான ஆன்லைன் பரீட்சை. பாஸானால் சென்னை. இல்லையென்றால் மாமன் மகன் வீரபத்திரன். குடித்துவிட்டு முதல் பெண்டாட்டியை அடித்து விரட்டிய புண்ணியவான்.

அண்ணன் திலீப் சுத்த பந்தாக்காரன். உதவுகிறேன் பேர்வழி என்று அவளுடைய பழைய லேப்டாப்பைக் கடையில் தள்ளிவிட்டு, அப்பளம் மாதிரி ஒன்றைப் பரீட்சையன்று காலையில் கொண்டுவந்து நீட்டினான். ஹெட்போன் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"சொருவற ஓட்டை எங்கண்ணா?"

"இப்பல்லாம் அத யாரு வெக்கறாங்க? எல்லாம் சி-டைப்பு. ப்ளூடூத்து வாங்கிக்க."

"பரீட்சைக்கு ப்ளூடூத்து கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"அப்போ திருத்தணிக்குப் போயி மாத்தற வயரு வாங்கினு வா."

காவடிக் கூட்டத்துக்காகப் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடும் நாள் அது. போய்த் திரும்புவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். மடையனுக்கு அதுகூட உறைக்கவில்லை. புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு காவடி பார்க்கப் போய்விட்டான்.

கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். ஸ்பீக்கரில் கேட்டு எழுதலாம், ஆனால் பக்கத்தில் வேறு குரல் கேட்டால் பரீட்சை கேன்சல் என்றார்கள்.

கோதண்டபாணி எழுந்துபோய்த் தறிகளை நிறுத்தினார். வரலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. நைனா தனக்காகத் தறியை நிறுத்துவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. திரையோரத்தில் கம்பெனிப் பெண் ஒருத்தி கண்காணிக்க, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் டாக்டர் பேசப் பேச விரல்கள் ஓடின. முக்கால்வாசி பிழையில்லாமல் முடித்தும்விட்டாள், பாவம்.

கதவுக்கு வெளியே கோதண்டபாணி தன் மனைவி புஷ்பலதாவின் காதோரம் குனிந்து ரகசியம் சொன்னார்.

"ஃபெயிலாவட்டும்னுதான் நானும் சாமிய வேண்டிகினு கீறேன். வீரபத்திரன் வூட்ல தட்டு மாத்த நாள் குறிச்சாச்சி. தறிய நிறுத்தலன்னா நாளைக்கு என் மேல பழி போடுவா. அதுக்குத்தான் நிறுத்தனேன்."

ரகசியம் சென்னைவரை கேட்டது.

"பக்கத்துல யாரோ பதில் சொல்லிக் குடுக்கறாங்க. கேன்சல்" என்றாள் திரையிலிருந்த கம்பெனிப் பெண்.

"பதில் சொல்லல மேடம், என் கல்யாணத்தப் பேசறாங்க" என்று வரலட்சுமி சொல்வதற்குள் திரை அணைந்துவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு கோதண்டபாணி எட்டிப் பார்த்தார்.

"நல்லா எழுதினியாம்மா?"

"நீ சொன்னது எல்லாம் கேட்டுச்சி நைனா."



"கேட்டுச்சா? நல்லதாப் போச்சி. உனுக்குத் தனியா சொல்ற வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் தறி ஓட்டப் போனார்.