கிடாயின் தலைக்குள் இருந்த பை

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், மாமாவின் ஆட்டுப்பட்டியில், ஒரு செம்மறிக் கிடாய் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்து சாய்ந்திருந்தது. வேலியில் முட்டியது, மறுபடி சுற்றியது.

விடுமுறைக்குச் சேலத்திலிருந்து போயிருந்த எனக்கு ஒன்பது வயது. முந்தின நாள் என் கொய்யாப்பழத்தைத் தின்ற அந்தக் கிடாயைக் கல்லால் அடித்திருந்தேன். கல் தலையில் பட்டது. அதனால்தான் சுற்றுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவார்.

மாமாவோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். முனியப்பனுக்கு வெட்டுவதாக வேண்டியிருந்தார். மூன்று கிடாய்களில் எதை என்று முடிவாகவில்லை.

“பாத்தியா, எது வேணும்னு சாமியே எறங்கிக் காட்டிருச்சு.”

“கிறுக்குப் புடிச்சதையா கோயலுக்குக் கொண்டு போவாங்க?” என்றார் அத்தை.

“பூசையில நீகூடத்தான் இப்படிச் சுத்தற. உன்னைய ஆராச்சும் கிறுக்குன்னாங்களா?”

கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடாய் உடம்பை உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள். சில கிடாய்கள் அரைமணி நேரம் காக்கவைக்கும். இது முதல் சொம்பிலேயே உதறியது. நான் அடித்தது ஆட்டையா, சாமியையா என்பது எனக்கு விளங்கவில்லை.

வெட்டிய தலையை வீட்டில் வைத்து மாமா பிளந்தார். மூளையை ஒதுக்கிக்கொண்டு எலுமிச்சை அளவில் ஒரு பை. உள்ளே தெளிந்த நீர், சுவரில் குருணைபோல் வெள்ளைப் புள்ளிகள். கல் பட்ட வீக்கம் என்று எனக்குத் தோன்றியது.

“இத ஆரு திம்பா? வேலியோரமாக் குழி தோண்டிப் பொதைச்சுட்டு வா அம்மணி,” என்று தலையை என்னிடம் நீட்டினார் அத்தை.

அந்தப் பை நாடாப்புழுவின் இளம் பருவம் என்று பின்னாளில் ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். நாயின் கழிவிலிருந்து முட்டை புல்லுக்கு வரும்; புல்லோடு ஆட்டுக்குள் போய் மூளையில் பையாக வளரும். சுற்றுகிற ஆடு மந்தையை விட்டு விலகி, நாய் நரிகளிடம் முதலில் சிக்கும். தலையைத் தின்ற நாயின் குடலில் புழு மறுபடி முட்டையிடும்.

அன்று எனக்கிருந்த கவலை வேறு. புதைத்ததை யாராவது தோண்டினால் என் குற்றம் வெளிப்பட்டுவிடும். தலையை அப்படியே பட்டி நாய்க்குப் போட்டேன். மிச்சமில்லாமல் தின்றது.

மாலையில் நாய் வழக்கம்போல் பட்டிக்குள், ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் படுத்தது.